தென்னை வெள்ளை ஈக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

கேள்வி கேட்டவருக்கு ஆனைமலைப் பக்கம் நான்கு ஏக்கர் தோப்பு. ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதாம், மேல்பக்கம் கரி பூசினாற்போலக் கறுத்துவிட்டதாம். கடையில் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார்களாம். அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அடிக்காதீர்கள். குறைந்தபட்சம், ஒரு காரியம் செய்து பார்க்கும் வரை அடிக்காதீர்கள். அது என்ன காரியம் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அப்பா ஒன்றரை ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தார். 2009 கோடையில் மல்பெரிக் கொழுந்தெல்லாம் சுருண்டு முறுக்கிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி. வேலியோரப் பப்பாளி, வாசல் செம்பருத்தி, பக்கத்துக் காட்டு மரவள்ளி, ஏன், பார்த்தீனியச் செடியில்கூட அதே பூச்சி. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த பப்பாளி மாவுப்பூச்சி அது. இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 2008இல் கோயமுத்தூரில்தான். அதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

மருந்து அடித்தோம். பத்து நாளில் மறுபடி வந்தது. மேலே மெழுகு போர்த்துக்கொண்டு இருக்கிற பூச்சி அது. அடிக்கிற தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழும், அதன் மேல் ஒட்டாது. அப்புறம் கடைக்காரர் அளவைக் கூட்டச் சொன்னார், கூட்டினோம். அந்தச் சமயம் ஷெட்டில் இருநூறு முட்டைத் தொகுதிப் புழு, ஐந்தாம் பருவத்தில் இருந்தது. மழை கொட்டுகிற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு இலை தின்னும் பருவம். தழை போதவில்லை. மருந்து அடித்த காட்டில் சொன்ன நாள் கணக்கு முடிவதற்குள் இலை பறித்துப் போட்டுவிட்டோம்.

மறுநாள் காலை நான்தான் ஷெட்டைத் திறந்தேன். சத்தமே இல்லை. புழுக்கள் தலையைத் தூக்கி அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சை நீர் வழிந்து தட்டுக் காகிதமெல்லாம் நனைந்திருந்தது. கூடு கட்ட நான்கைந்து நாள்தான் பாக்கி. அன்று மத்தியானத்துக்குள் எல்லாம் சுருங்கிப்போய்விட்டது. அம்மா ஒன்றும் பேசாமல் கூடையில் வாரி வாரிக் குழியில் கொட்டினார். அதை என்னால் மறக்க முடியாது.

அடுத்த வருடம் என்ன நடந்தது என்றால், 2010இல் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரீகோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை இறக்குமதி செய்தது. தனி அறையில் வைத்துச் சோதித்து, மாவுப்பூச்சியைத் தவிர வேறெதையும் தொடாது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வெளியே விட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. மூன்றில் நன்றாக வேலை செய்தது அசிரோஃபேகஸ் பப்பாயே என்கிற ஒன்று. குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்காதீர்கள். இது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, யாரையும் கொட்டாது. எங்கள் ஊருக்கு அது பஞ்சு வைத்து அடைத்த சின்னக் குப்பியில் வந்தது. அம்மா குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "என்னங்க சார், இத்தினியூண்டு பூச்சி அதைய என்ன பண்ணீரும்?" என்று கேட்டார். கொண்டுவந்தவர், "ஆறு மாசம் மருந்து மட்டும் அடிக்காம இருங்கம்மா, போதும்" என்றார்.

அந்தக் குளவி மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கிற புழு அதைத் தின்றுதான் வளரும். மாவுப்பூச்சி பழுப்பு நிறத்தில் உப்பி, பொம்மை மாதிரி இறுகிப்போகும். அதன் முதுகில் ஊசி குத்தினாற்போல் ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த குளவி வெளியே வரும். 2011 கடைசியில் எங்கள் மல்பெரியில் மாவுப்பூச்சியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் எங்காவது ஒரு செம்பருத்தியில் கொஞ்சம் இருக்கும். குளவியும் அங்கேயே இருக்கும். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு பைசா செலவு செய்யவில்லை.

சரி, உங்கள் தென்னைக்கு வருகிறேன். உங்கள் தோப்பில் இருப்பது பெரும்பாலும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயாகத்தான் இருக்கும். ஓலை அடியில் முட்டையைச் சுருள் சுருளாக, கோலம் இழைத்தது போல வைக்கும். இந்தியாவில் இது முதலில் தென்பட்டது 2016இல், உங்கள் பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். ஓலை கறுத்ததைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஈ சொட்டுகிற இனிப்பு நீரின் மேல் வளர்கிற கரும்பூசணம் அது. ஓலைக்கு உள்ளே போகாது. வெயிலை மறைப்பதால் மரம் சோரும், காய் குறையலாம், ஆனால் மரம் சாகாது.

இதற்கும் ஒரு குளவி இருக்கிறது, என்கார்சியா குவாடலூப்பே. இதை யாரும் கப்பலில் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. வெள்ளை ஈயை இங்கே கண்டுபிடித்து ஆராயத் தொடங்கியபோதே இதுவும் கூட இருந்தது. இப்போது உங்கள் ஓலையிலும் இருக்கலாம். கலவை மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். வெள்ளை ஈ மெழுகுக்கு அடியில் தப்பித்து, தடுக்க ஆளில்லாமல் பெருகும். ஐம்பதடி மரத்தில் எல்லா ஓலையின் அடியிலும் மருந்து படும்படி அடிக்கவும் முடியாது.

அதனால் நான் சொன்ன காரியம் இதுதான். கீழ்மட்டையில் ஒன்றை வெட்டி இறக்குங்கள். ஓலையைத் திருப்பி வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் மெழுகை விரலால் மெல்லத் துடைத்துவிட்டுப் பாருங்கள். உயிருள்ள வெள்ளை ஈக் குஞ்சு வெளிர் மஞ்சளாக இருக்கும். குளவி முட்டை வைத்தது கறுத்திருக்கும். காலிக் கூடுகளையும் பாருங்கள். வெள்ளை ஈ வெளியேறியிருந்தால் கூடு ஆங்கில 'டி' (T) எழுத்து வடிவில் பிளந்திருக்கும். குளவி வெளியேறியிருந்தால் சுத்தமான வட்ட ஓட்டை.

வட்ட ஓட்டையும் கறுப்புக் குஞ்சும் நிறைய இருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். அந்த ஓலைகளைச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் குளவி இல்லாத மரங்களின் ஓலையில் குத்திவிடலாம். அறவே இல்லையென்றால் ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள், ஒட்டுண்ணி, அதாவது இந்தக் குளவி, ஏறிய ஓலைத் துண்டு கொடுப்பார்கள். கூடவே ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் தாளைத் தோப்பில் அங்கங்கே கட்டுங்கள். விசைத் தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஓலை அடியில் பீய்ச்சி அடித்தாலே நிறைய உதிர்ந்துவிடும். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, ஆறியதும் ஓலையின் மேல்பக்கம் தெளியுங்கள். வெயிலில் காய்ந்து பொருக்காக உரிந்து, கறுப்பையும் இழுத்துக்கொண்டு விழும்.

எல்லாப் பூச்சிக்கும் குளவி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1998இல் கேரளத்தில் தென்பட்டு நம் பக்கம் வந்த ஈரியோஃபைட் என்கிற நுண்ணிய சிலந்திப்பேன், தேங்காயின் தொப்பிக்கு அடியில் ஒளிந்துகொண்டு காயைச் சொறியாக்குகிறது. அங்கே எந்த ஒட்டுண்ணியும் இந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. வேப்ப மருந்து, வேப்பம்பிண்ணாக்கு, பொட்டாஷ் என்று இன்னமும் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் கிடைக்கிற இடத்தில் விட்டுவிடக் கூடாது. 2020இல் மரவள்ளிக்கென்றே ஒரு புது மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் வரை பரவி, நுனியெல்லாம் கொத்துக் கொத்தாகக் குறுகிப்போனது. ஆப்பிரிக்காவின் மரவள்ளியை எழுபதுகளில் அழித்த அதே பூச்சி. அங்கே அதை அடக்கிய அனகைரஸ் லோபஸி குளவியைப் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். ராசிபுரம் பக்கம் மரவள்ளி போட்டிருக்கும் என் மாமா அந்தக் குளவியை வாங்கிவந்து தன் காட்டில் விட்டார். அத்தை சொன்னதைக் கேட்டு மருந்தும் அடிக்கவில்லை, அடுத்த பட்டத்தில் நுனி நன்றாகவே வந்தது.

காலை வெயில் ஏறுவதற்குள் ஓலையை இறக்குங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் ஓட்டை தெளிவாகத் தெரியும். லென்சின் மேல் கைபேசிக் கேமராவை வைத்துப் படம் எடுத்து இதற்குக் கீழே பதிலில் போடுங்கள். வட்டமா, 'டி'யா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.