3 இணைப்பு, 10 பாக்கெட்: தாமதத்தையும் இழப்பையும் கணக்கிடுவது எப்படி?
சுங்கை சிப்புட் தோட்ட அலுவலகத்துக்கும் ஈப்போவுக்கும் நடுவே 2 ரவுட்டர் (தரவை அடுத்த இணைப்புக்கு அனுப்பும் கருவி), 3 இணைப்பு, ஒவ்வொன்றும் வினாடிக்கு 10 மெகாபிட், அதாவது ஒரு கோடி பிட். 1500 பைட் பாக்கெட் (தரவுத் துண்டு) 10 போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பைட்டைப் பிட்டாக்குங்கள்: 1500 × 8 = 12,000. இதை ஒரு கோடியால் வகுத்தால், ஓர் இணைப்பில் ஏற்ற 1.2 மில்லிவினாடி. ரவுட்டர் முழு பாக்கெட்டையும் வாங்கிய பிறகுதான் அடுத்ததில் ஏற்றும். ஆகவே முதல் பாக்கெட்டுக்கு 3.6. இதைப் பத்தால் பெருக்கி 36 என்று போடுவதுதான் வழக்கமான பிழை. முதலாவது இரண்டாம் இணைப்பில் ஓடும்போதே அடுத்தது முதல் இணைப்பில் ஏறிவிடுகிறது. சரியான விடை 3.6 + 9 × 1.2 = 14.4 மில்லிவினாடி.

மொத்தம் 30 கி.மீ. ஃபைபர் என்றால் பயண நேரம் வெறும் 0.15 மில்லிவினாடிதான். வரிசையைத்தான் கவனிக்க வேண்டும்: ரவுட்டரில் முன்னால் 20 பாக்கெட் நின்றால் 24 மில்லிவினாடி கூடும். பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகமான பஃபர் நிரம்பிவிட்டால் புதிதாக வருவது தொலைந்துபோகும்.

இழப்பு விகிதங்களைக் கூட்டாதீர்கள். தப்பும் வாய்ப்பைப் பெருக்குங்கள். இணைப்புக்கு 1% இழப்பு என்றால் 0.99 × 0.99 × 0.99 = 0.9703, இழப்பு 2.97%.