பெங்களூரு ஆபீஸுக்குப் புதுசா? கேளுங்கள், சொல்கிறேன்

பெங்களூரு ஐ.டி.யில் எனக்கு 18 வருடம். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

அக்கா, நான் எஸ். கார்த்திக். ஆபீஸ் கணக்கிலும் 'எஸ். கார்த்திக்' என்றே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து 'ஹாய் எஸ்' என்று மெயில் வருகிறது. அப்பா பெயரை முழுசாகப் போட்டுவிடவா?

போட்டால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். முதல் ஆபீஸில் ஆறு மாதம் நான் 'சுப்ரமணியன்'. ஊரில் அப்பாவுக்குப் புரையேறிக்கொண்டே இருந்திருக்கும். மெயிலிலும் சாட்டிலும் தெரியும் பெயரை மட்டும் 'கார்த்திக்' என்று மாற்ற ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் (கோரிக்கை) போடுங்கள். பி.எஃப். பதிவில் கை வைக்காதீர்கள். அங்கே பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். எழுத்து பிசகினால், பணம் எடுக்கப் போகும்போது அலைய விடுவார்கள்.

'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதினேன். புரோகிராம் எழுதிய அமெரிக்கர் முகம் சுளித்துவிட்டார்.

நமக்கு டவுட் என்றால் கேள்வி. அவர் காதில் 'உங்கள் வேலைமேல் சந்தேகம்' என்று விழுகிறது. 'கொஸ்டின்' என்று எழுதுங்கள். தேதியும் அப்படித்தான்: 5/6 நமக்கு ஜூன் 5, அவருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் போடுங்கள்.

அப்புறம், வெறும் 'ஹாய்' போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். கலிஃபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதிமூன்றரை. ஹாய்க்குப் பதில் வர ஒரு நாள், கேள்விக்கு இன்னொரு நாள். 'ஹாய், லாகின் பக்கம் காலையிலிருந்து 500 எரர் காட்டுகிறது, நேற்று உங்கள் பக்கம் ஏதாவது மாற்றினீர்களா?' என்று ஒரே மெசேஜில் கேட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

மேனேஜரை 'சார்' எனலாமா?

டீமில் மற்றவர்கள் எப்படியோ அப்படி. வாய் தவறி 'சார்' வந்துவிட்டால் ஒன்றும் குடி முழுகாது.

டீமில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள். தமிழ் என்று காட்டிக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது.

எதற்கு ஒளிக்க வேண்டும்? பேர் சொன்னதுமே தெரிந்துவிடும். ஆனால் நாலு பேர் இருக்கும் சாட்டில் நாம் இருவர் மட்டும் தமிழில் பேசினால் மற்றவர்களுக்கு உறுத்தும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் 'ஊட்டா ஆய்த்தா?' (சாப்பாடு ஆச்சா?) என்று கன்னடத்தில் கேளுங்கள். பெரியவர்களிடம் 'நீனு' (நீ) வேண்டாம், 'நீவு' (நீங்கள்). நவம்பர் 1, கர்நாடகம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்கு மஞ்சள் சிவப்பில் கோலம் போடக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். புள்ளிக் கோலம் தெரிந்த ஆளை விடமாட்டார்கள்.