லினக்ஸ் கெர்னலில் ஒரு வன்பொருள் வசதியை அணைத்ததும் பில்ட் (நிரலைத் தொகுத்துக் கட்டும் வேலை) உடைகிறது. எப்படிச் சரிசெய்வது?

"அந்த வசதியை இயக்கிவிட்டால் போயிற்று" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். 16 எம்பி ஃபிளாஷ் மட்டுமே உள்ள போர்டில் வேண்டாததை அணைப்பது பிடிவாதம் அல்ல, கட்டாயம்.

எனக்கு நேர்ந்தது ஈத்தர்நெட் டிரைவரில். அந்தச் சிப்பில் நேரமுத்திரைக்கான பிடிபி கடிகாரம் உண்டு (பிடிபி என்பது வலைப்பின்னல் வழியே கருவிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் முறை). எங்களுக்கு அது தேவைப்படவில்லை. 'கான்ஃபிக்_பிடிபி_1588_கிளாக்' என்ற கெர்னல் அமைப்பை அணைத்தேன். கம்பைலர் மறுப்பே சொல்லவில்லை. கடைசியில், தொகுத்த கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று நின்றுவிட்டது. டிரைவரின் பிடிபி கோப்பு பில்டில் சேரவில்லை, அதிலுள்ள ஃபங்ஷன்களை முதன்மைக் கோப்பு அழைத்துக்கொண்டிருந்தது. அவசரத்தில், அழைத்த இடங்களில் எல்லாம் 'இஃப்டெஃப்' போட்டேன், அதாவது அந்த அமைப்பின் பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் அந்த வரியைச் சேர்க்கும் நிபந்தனை. பில்ட் முடிந்தது.

சில மாதங்கள் கழித்து, வேறொரு போர்டுக்கு பிடிபியை மாட்யூலாக, அதாவது கெர்னலுக்குள் கட்டாமல் தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். நேரமுத்திரை வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. ஆசிலேட்டரைச் சந்தேகித்தோம், வன்பொருள் குழுவினர் ஒரு வாரம் அலைந்தார்கள். குற்றம் என் இஃப்டெஃபில் இருந்தது. 'எம்' (மாட்யூல்) என்று தேர்ந்தெடுத்தால் 'கான்ஃபிக்_பிடிபி_1588_கிளாக்' என்ற பெயர் வரையறுக்கப்படுவதே இல்லை. பின்னால் '_மாட்யூல்' சேர்ந்த பெயர்தான் வரையறுக்கப்படுகிறது. 'இஸ்_எனேபிள்ட்' என்ற மேக்ரோ இரண்டையும் பார்க்கும்.

ஆகவே சி கோப்பைத் தொடாதீர்கள். ஹெடரில் ஒரே இடத்தில் 'இஸ்_எனேபிள்ட்' வைத்துப் பிரியுங்கள்: வசதி இருந்தால் அறிவிப்பு, இல்லாவிட்டால் பூஜ்யம் திருப்பும் வெற்று ஃபங்ஷன். அது 'ஸ்டாட்டிக் இன்லைன்' ஆக இருக்க வேண்டும். இல்லையேல் அந்த ஹெடரைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பிரதி உண்டாகி லிங்கர் மறுபடியும் உடையும். இது என் சொந்த விருப்பம் என்று சண்டைக்கு வர வேண்டாம், கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே இப்படித்தான் சொல்கிறது.

இன்னும் ஒரு பள்ளம் உண்டு. டிரைவர் கெர்னலுக்கு உள்ளேயே கட்டப்பட்டு பிடிபி மட்டும் மாட்யூலாக இருந்தாலும் லிங்கர் உடையும். அதைத் தடுக்க, அமைப்புகளையும் அவற்றின் சார்புகளையும் அறிவிக்கும் கேகான்ஃபிக் கோப்பில் 'டிபெண்ட்ஸ் ஆன் பிடிபி_1588_கிளாக்_ஆப்ஷனல்' என்று எழுதுங்கள். உங்கள் வசதி வேறு என்றால், உதாரணமாக வெப்பம், மின்னழுத்தம் போன்றவற்றைக் கண்காணிக்கும் ஹெச்டபிள்யூமான் என்றால், 'டிபெண்ட்ஸ் ஆன் ஹெச்டபிள்யூமான் அல்லது ஹெச்டபிள்யூமான் இல்லை' என்ற பொருளில் வரும் வரியைப் பல டிரைவர்களில் பார்க்கலாம். இன்னொரு அமைப்பைத் தானாகவே இயக்கிவிடும் 'செலெக்ட்' போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இயக்கப்படும் அமைப்பின் சார்புகளை அது சரிபார்க்காது. இன்னொன்று: பிடிபி அணைந்திருக்கும்போது, கடிகாரத்தைப் பதிவு செய்யும் 'பிடிபி_கிளாக்_ரெஜிஸ்டர்' ஃபங்ஷன் பிழை எண்ணைத் திருப்பாது, நல் பாயின்டரை (எதையும் சுட்டாத முகவரியை) திருப்பும். பிழை எண்ணை மட்டுமே கண்டுபிடிக்கும் 'இஸ்_எர்' சோதனையை மட்டும் செய்துவிட்டு அதைப் பயன்படுத்தினால் பில்ட் ஓடும், போர்டு விழும்.

இத்தனையும் சரிசெய்த ஆண்டில் என் மதிப்பீட்டுத் தாளில் எழுதப்பட்டது 'பராமரிப்புப் பணி' என்ற இரண்டே சொற்கள். புதிதாக ஒரு வசதி சேர்த்தவருக்குப் பதவி உயர்வு. அவருடைய பேட்ச் 'எம்' தேர்வில் உடைந்ததைத் திருத்தியவனும் நான்தான். இதைக் கேட்க அந்த நிறுவனத்தில் ஆள் இல்லை.

உங்கள் பேட்சை (நிரல் மாற்றத்தை) அனுப்புமுன் அந்த வசதியை 'ஒய்' (உள்ளே கட்டு), 'எம்' (மாட்யூல்), 'என்' (வேண்டாம்) என மூன்று விதமாகவும் வைத்து பில்ட் செய்யுங்கள். டிரைவரையும் ஒருமுறை உள்ளே கட்டி, ஒருமுறை மாட்யூலாக்கிப் பாருங்கள். உடைந்தால் முதல் பிழை வரியைக் கருத்துப் பகுதியில் இடுங்கள், பார்க்கிறேன்.