சினிமா படித்தால் பேராசிரியர் ஆகலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) வாத்தியாராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை சினிமா, டிவி, ஊடகப் படிப்பை வைத்துப் பிழைப்பது பற்றி மட்டும்.

பி.எஸ்சி. விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். படம் எடுக்கும் ஆசை இல்லை, சினிமாவைப் பற்றி எழுதவும் பாடம் எடுக்கவும்தான் ஆசை. "படம் பார்க்கிறதுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்?" என்கிறார் அப்பா. என்ன சொல்ல? (மாணவி, விருதுநகர்)

அப்பா சொல்வது சரி, படம் பார்ப்பதற்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். எங்கள் டிபார்ட்மென்டில் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில் ஒரு தம்பி பை நிறைய உலக சினிமா டிவிடிக்களோடு வந்தார். முதல் வாரமே அவருக்குக் கிடைத்தது ஃபோட்டோஷாப் லேப், விளம்பரவியல், முதலாமாண்டு கம்யூனிகேஷன் தியரி. அறுபது பிள்ளைகள், ஒழுங்காக வேலை செய்யும் கேமரா இரண்டு. சினிமா என்று அவர் கைக்கு வந்தது அந்த வருடம் ஒரே ஒரு பேப்பர், அதுவும் கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறது என்று பாதி வகுப்பை ஃபைல் வேலை தின்றுவிட்டது.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் ஊரில் 'ஃபிலிம் ஸ்டடீஸ்' என்று தனித் துறை வைத்திருக்கும் கல்லூரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலை கிடைப்பது விஸ்காமிலும் இதழியல் துறையிலும்தான், அதிலும் பெரும்பகுதி சுயநிதிப் பிரிவில், மத்தியான ஷிப்டில். நீங்கள் நடத்தப்போவது ஒன்று, ஆராயப்போவது வேறொன்று. இது தெரிந்து வருகிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

சினிமாவையே பாடமாகப் படிக்க வேண்டும் என்றால் எம்.ஏ.வுக்கு மாநிலத்தை விட்டு வெளியே போங்கள். கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 1993இல் ஃபிலிம் ஸ்டடீஸ் துறையைத் தொடங்கியது, இந்தியாவில் அதுதான் முதல். டெல்லி ஜே.என்.யு.வில் கலை, அழகியல் பள்ளி இருக்கிறது, ஹைதராபாத்தில் இஃப்லு என்கிற ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் சினிமாவுக்கென்றே துறை இருக்கிறது. புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், 1960இல் தொடங்கிய அது படம் எடுக்கச் சொல்லித்தரும் இடம். அப்புறம், ஆங்கிலத்தில் இருபது பக்கம் எழுதப் பழகுங்கள், இப்போதே. எங்கள் பிள்ளைகள் வெளியே போய் முதலில் தடுமாறுவது அங்கேதான், சினிமா அறிவில் இல்லை.

வயது 34, பிற்படுத்தப்பட்ட வகுப்பு. தனியார் கல்லூரியில் ஒன்பது வருடமாக விஸ்காம் எடுக்கிறேன். தேசியத் தகுதித் தேர்வான நெட் முடிக்கவில்லை, பிஎச்.டி.யும் இல்லை. எதை முதலில் பிடிப்பது? (ஆசிரியை, தேனி)

நெட். யோசிக்கவே வேண்டாம்.

காரணம் உங்கள் வயது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதுவதாக இருந்தால் வயது வரம்பே கிடையாது, நாற்பத்தைந்திலும் எழுதலாம். ஆனால் அதே தேர்வில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வரம்பு 30. பெண்களுக்கும், கிரீமி லேயரில் வராத ஓபிசிக்கும், எஸ்.சி., எஸ்.டி.க்கும் ஐந்து வருடத் தளர்வு உண்டு. அதாவது உங்களுக்குக் கதவு இன்னும் சாத்தவில்லை, ஒடுக்கமாகத் திறந்திருக்கிறது. கிடைத்தால் 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. இந்தக் காசு இருந்தால் முழுநேரமாக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யலாம், கல்லூரியில் லீவு கேட்டுக் கெஞ்ச வேண்டாம்.

தேர்வு 'மாஸ் கம்யூனிகேஷன் அண்டு ஜர்னலிசம்' பாடத்தில். முதல் தாளில் ஐம்பது கேள்வி, இரண்டாம் தாளில் நூறு, எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, ஒரு கேள்வியையும் விட்டுவிட்டு வராதீர்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். பாடத்திட்டத்தில் சினிமாவுக்கும் காட்சி ஊடகத்துக்கும் பத்தில் ஓர் அலகுதான், மீதியெல்லாம் செய்தி எழுதுவது, விளம்பரம், மக்கள் தொடர்பு, ஊடகச் சட்டம், ஆய்வு முறை. சினிமா ஆர்வலர்கள் நெட்டில் கவிழ்வது இதனால்தான்.

பல்கலைக்கழகத் துறைகளில் சேர பிஎச்.டி. கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதியில் இருந்தது, அதைத் தள்ளித் தள்ளிப்போட்டு 2023 ஜூலையில் மாற்றிவிட்டார்கள். இப்போது நெட், மாநில அளவில் நடக்கும் செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே குறைந்தபட்சத் தகுதிதான். யுஜிசி சம்பள விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. உங்கள் கையில் இப்போது என்ன வருகிறது என்று நான் கேட்கப்போவதில்லை, எனக்கே தெரியும்.

இன்னொன்று, உங்கள் முதுகலைச் சான்றிதழில் பாடத்தின் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். விஸ்காம், எலக்ட்ரானிக் மீடியா, கம்யூனிகேஷன், ஜர்னலிசம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அரசுப் பணி அறிவிப்பில் ஒரு பெயர் வரும், உங்கள் பட்டத்தில் வேறொன்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் 'ஈக்விவலன்ஸ்' ஆணை கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சான்றிதழ் சரிபார்ப்பு மேசை வரைக்கும் போய் இதனாலேயே திரும்பினார்.

'தமிழ் சினிமாவில் பெண்கள்' என்று ஆய்வுத் தலைப்பு வைத்திருக்கிறேன். கைடு சரி என்றுவிட்டார். உங்கள் கருத்து? (ஆய்வு மாணவர், திருச்சி)

கைடு சரி என்றது உங்களைச் சீக்கிரம் அனுப்பிவைக்க. 1931இலிருந்து இன்றுவரை வந்த ஆயிரக்கணக்கான படங்கள், அத்தனையிலும் பெண்கள். இதை வைத்து என்ன செய்வீர்கள்? ஹிட்டான பத்துப் படத்தை எடுத்து, கதைச் சுருக்கம் எழுதி, கடைசியில் 'பெண்கள் போகப் பொருளாகக் காட்டப்படுகின்றனர்' என்று முடிப்பீர்கள். இப்படி எழுதிய தீசிஸ்களை நான் படித்திருக்கிறேன், ஒன்றிரண்டில் நானே கையெழுத்தும் போட்டிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய பேப்பர் கடையில் எனக்கு ஒரு சினிமா பாட்டுப் புத்தகம் கிடைத்தது. அட்டை போய்விட்டது, படத்தின் பெயரே தெரியவில்லை, தாளைத் திருப்பினால் ஓரம் அப்பளம் மாதிரி உதிர்கிறது. உள்ளே பாட்டு வரிகள், ராகம் தாளம், முதலில் கதைச் சுருக்கம். நாயகி வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிற இடத்தில் கதையை நிறுத்தி, எல்லாப் பாட்டுப் புத்தகத்திலும் வரும் அந்த வரி: 'மீதியை வெள்ளித்திரையில் காண்க.' பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் 'ரெண்டாம் ஆட்டம், மழை, பாதியில் நின்றது' என்று எழுதியிருந்தார்கள். அன்று ராத்திரி அவர்களும் மீதியைப் பார்க்கவில்லை, நாமும் பார்க்க முடியாது. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வந்தது, அதற்குக்கூட இன்று பிரதி இல்லை. முப்பதுகளின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே கதிதான். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் வந்தது, பி.கே. நாயர் போன்றவர்கள் ஓடி ஓடிச் சேர்த்தும் அதற்குள் போனது போனதுதான்.

ஆக, படம் இல்லாமலேயே சினிமாவை ஆராய வேண்டிய ஊர் நம்முடையது. பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், தணிக்கைக் குறிப்பு, பத்திரிகை விளம்பரம், டூரிங் டாக்கீஸ் கணக்கு நோட்டு, டிக்கெட் கிழித்த பெரியவரின் ஞாபகம். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் ஏராளம், ஒரு வாரம் போய் உட்காருங்கள். 'முப்பதுகளின் பாட்டுப் புத்தகக் கதைச் சுருக்கங்களில் துரத்தப்படும் பெண்' என்று தலைப்பை நறுக்கினால் அது ஆய்வு. கைடு முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்கள் யாரும் 'ஃபிலிம் ஸ்டடீஸ்' பட்டம் வாங்கியவர்கள் இல்லை என்பதையும் கவனியுங்கள். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி. எம்.ஜி.ஆர். பற்றி 1992இல் புத்தகம் எழுதிய எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளாதாரத்திலிருந்து வந்தவர். எண்பதுகளில் மதுரையில் தங்கி, படம் பார்க்கும் ஏழை ஜனங்களோடும் ரசிகர் மன்றத்துக்காரர்களோடும் பழகிய சாரா டிக்கி மானுடவியலாளர். ஒவ்வொருவரும் ஒரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டு தோண்டினார்கள்.

டிவி சீரியலை ஆராய்ந்தால் மதிப்பார்களா? (வாசகி, சேலம்)

மதிக்க மாட்டார்கள், ஆனாலும் செய்யுங்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975இல், சன் டிவி 1993இல். இத்தனை வருடம் வீட்டுக்குள் ஓடிய ஒன்றைப் பற்றி உருப்படியான ஆராய்ச்சி எவ்வளவு குறைவு! கஷ்டம் என்னவென்றால் பழைய எபிசோடு கிடைக்காது, யூட்யூபில் யாராவது ஏற்றியிருந்தால் உண்டு. அதனால் பார்த்தவர்களிடம் போங்கள். டெல்லியில் தூர்தர்ஷன் பார்த்த பெண்களின் வீடுகளில் உட்கார்ந்து பூர்ணிமா மன்கேகர் செய்த ஆய்வு 1999இல் புத்தகமாக வந்தது, இன்றும் படிக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே தொடங்கலாம்.

3,500 ரூபாய் கட்டினால் மூன்று நாளில் கட்டுரையைப் போடுகிறோம் என்று ஒரு ஜர்னலில் இருந்து மெயில் வந்திருக்கிறது. கட்டலாமா? (உதவிப் பேராசிரியர், கோவை)

மூன்று நாளில் கட்டுரையைப் படித்துக்கூட முடிக்க முடியாது, அவர்கள் எங்கே போடுவது. நானும் ஒரு காலத்தில் இப்படிக் கட்டி ஏமாந்தவன்தான். இதழ் வந்தபோது என் அட்டவணைகள் பக்கத்துக் கட்டுரையில் இருந்தன, மீன் வளர்ப்பு பற்றிய கட்டுரை அது. கேட்டதற்குத் திருத்தம் போடத் தனிக் கட்டணம் என்றார்கள்.

முன்பெல்லாம் நம்பலாம் என்று யுஜிசி சொன்ன இதழ்களின் 'கேர்' பட்டியல் ஒன்று இருந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டாகிவிட்டது. இனி நல்லது கெட்டதைப் பார்ப்பது கல்லூரியின் பொறுப்பு, அதாவது உங்கள் பொறுப்பு. 2022 விதிப்படி தீசிஸ் கொடுக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது, உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தெற்காசிய சினிமாவுக்கென்றே 2010இலிருந்து பயோஸ்கோப் என்றொரு ஆய்விதழ் வருகிறது. அங்கே அனுப்பினால் ஒருவேளை ஒரு வருடம் காத்திருந்து, நாலு பக்கம் திட்டு வாங்கி, திருப்பி எழுத வேண்டிவரும். அந்த நாலு பக்கத்தில் கற்றுக்கொள்வதை எந்த ரிஃப்ரெஷர் கோர்ஸிலும் கற்றுக்கொள்ள முடியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை முடித்தேன். வெளிநாட்டில் கலாநிதிப் (முனைவர்) பட்டம் செய்ய விருப்பம். செலவை எப்படிச் சமாளிப்பது? (வாசகர், யாழ்ப்பாணம்)

சொந்தக் காசில் போகாதீர்கள், முதல் விதி அதுதான். அமெரிக்காவில் நல்ல பல்கலைக்கழகங்கள் முனைவர் மாணவருக்குப் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுக்க வைத்துப் படியும் தருகின்றன, பொதுவாக ஐந்து வருடம். பிரிட்டனில் மூன்று, நான்கு வருடம், உதவித்தொகை குறைவு, போட்டி கடுமை. இலங்கை மாணவர்கள் காமன்வெல்த் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். முடித்த பிறகு அங்கேயே நிரந்தர வேலை என்பது சந்தேகம்தான், பேப்பருக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பாடம் எடுப்பவர்கள் அங்கும் நிறைய. ஊடகக் கற்கைக்கே பெயர்போன பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், 1964இல் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையத்தின் வழிவந்த துறையை 2002இல் மூடிவிட்டார்கள்.

அதே பர்மிங்காமில்தான் உங்கள் ஊர்த் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி முனைவர் பட்டம் வாங்கினார், பண்டைத் தமிழ் நாடகம் பற்றி. தமிழ் சினிமாவின் அரசியல் பற்றி அவர் எழுதிய சின்ன நூல் 1981இல் வந்தது. உங்கள் தலைப்புக்கு ஒரு யோசனை: இலங்கை வானொலித் தமிழ்ச் சேவை. சிறுவயதில் எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு கேட்டது அதில்தான், சென்னை நிலையத்தில் இல்லை. அந்த நேயர்கள் இரண்டு கரையிலும் இன்னும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

பதினாறு வருடமாக உதவி, இணை இயக்குநராக இருக்கிறேன். படம் கிடைக்கவில்லை. பட்டமும் பாதியில் நிற்கிறது. கல்லூரியில் சொல்லித்தர முடியுமா? (வாசகர், வடபழனி)

முடியும், ஆனால் நிரந்தரமாக இல்லை. 2022இல் யுஜிசி 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று, தொழில் அனுபவம் உள்ளவர்கள் பாடம் எடுக்க ஒரு வழி வைத்தது. பதினைந்து வருட அனுபவம் வேண்டும், பட்டம் கட்டாயமில்லை, அதிகபட்சம் நான்கு வருடம் இருக்கலாம். ஆனால் அதற்குத் துறையில் பேர் பெற்றவராக, மூத்த பொறுப்பில் இருந்தவராகப் பார்ப்பார்கள், டைட்டிலில் இரண்டாவது வரிசையில் வரும் பெயரை ஒரு கமிட்டி எப்படி எடைபோடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதுவரை கெஸ்ட் லெக்சராகப் போங்கள். எல்லா விஸ்காம் துறைக்கும் ஷூட்டிங் ஸ்பாட் தெரிந்த ஆள் தேவை, ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் இருக்கக் குறித்துவைக்கும் கன்டினியூட்டி ஷீட்டை எங்களில் பாதிப் பேர் கண்ணால் பார்த்ததில்லை. போகும்போது உங்கள் பழைய கன்டினியூட்டி நோட்டுகளையும் ஷாட் பிரேக்டவுன் தாள்களையும் எடுத்துக்கொண்டு போங்கள், தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதல் வகுப்புக்கு அது போதும். பாதியில் நிற்கும் பட்டத்தைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முடிக்க வழி இருக்கிறதா என்று இந்த ஜூலைக்குள் விசாரியுங்கள்.