மெஷின் வந்துவிட்டது, ஆட்டோ எடுக்கவா?

கேள்வி: இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 19 வருடமாகத் தூள் சலிக்கும் பகுதியில் வேலை. வயது 43, நாட்சம்பளம் 1,350 ரூபாய். போன வாரம் கேமரா வைத்து நிறம் பார்த்துத் தேயிலையைத் தரம் பிரிக்கும் கலர் சோர்ட்டர் மெஷின் வந்து இறங்கியது. பாதிப் பேரை நிறுத்துவார்களாம். ராத்திரியில் தூக்கமில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து, மிச்சத்துக்கு லீசிங் போட்டு ஆட்டோ எடுக்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. வேலை போகுமோ என்று பயந்து மாதத் தவணையை இழுத்துப் போட்டுக்கொண்டால், வேலை போன மாதமும் லீசிங்காரர் வந்து நிற்பார். ஒரு நாள் மத்தியானம் டவுன் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், எத்தனை ஆட்டோ ஹயருக்குக் காத்துக் கிடக்கிறது என்று.

தூக்கம் கெடுவது மெஷினால் மட்டுமல்ல, கையில் என்ன வரும் என்று தெரியாததாலும்தான். இன்று ராத்திரி மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கொப்பியில் கணக்கு எழுதுங்கள். வேலையை விடும்போது நாட்கூலிக்காரருக்குக் கிடைக்கும் சேவைக்காலப் பணம் வேலை செய்த வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 1,350ஐ 14ஆல் பெருக்கினால் 18,900. 19 வருடத்துக்கு 359,100 ரூபாய். முதலாளி உங்கள் பேரில் கட்டும் சம்பளத்தின் 3 வீதம், அதாவது ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி), வேலையை விட்டதும் எடுக்கலாம். ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) உங்களுக்கு 55 வயதில்தான். அதை இப்போதைய கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஆள் குறைப்பு என்று சொல்லி நினைத்தபடி நிறுத்த முடியாது. 1971ஆம் ஆண்டின் சட்டப்படி உங்கள் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அதனால் ஒபீசில் நீட்டும் எந்தக் கடதாசியிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு, தொழிற்சங்கத்திலும் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம், இந்த மாதம் ஆறு நாள் சம்பளம் வரவில்லை என்று நினைத்துச் செலவு செய்து பாருங்கள். அரிசி, மா, லைட் பில், டியூஷன் எல்லாம் போய் அந்த 8,100 ரூபாய் மிஞ்சினால் வங்கியில் போடுங்கள். மிஞ்சாவிட்டால் எந்தச் செலவு இடிக்கிறது என்றாவது தெரியும். பிள்ளைகளுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். லயத்தில் அவர்கள் காதுக்கு எப்படியும் வந்துவிடும்.

மெஷினைப் பழக்க ஆள் வரும் நாளில் லீவு போடாதீர்கள். பக்கத்தில் நின்று கேள்வி கேளுங்கள். குச்சி எது, தூள் எது என்று உங்களுக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது.