கதை எழுத குறுந்தொகையை எப்படிப் படிப்பது?

கேள்வி: பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குறுந்தொகையில் நல்ல மதிப்பெண் வாங்குகிறேன். ஆனால் அதைப் படிக்கத் தொடங்கியபின் என் சிறுகதைகளில் ‘குவளை விழி’, ‘பசலை படர்ந்த மேனி’ என்று எழுத வருகிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள். இதைப் படிப்பதால் எழுத்து வளருமா, கெடுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: நண்பர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் குறுந்தொகையிலிருந்து எடுத்தது சொற்களை. எடுக்க வேண்டியது பார்வையை.

கூடலூர் கிழாரின் 167ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்’ என்று தொடங்கும் ஆறு வரிகள். காந்தள் விரல், குவளைக் கண் இரண்டும் அக்காலத்துக்கே பழகிய உவமைகள். அவற்றை அங்கேயே விட்டுவிடுங்கள். மிச்சத்தைப் பாருங்கள். ஓர் இளம் மனைவி கெட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். துவைக்க வேண்டிய சேலையைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று சாப்பிடுகிறான். அவள் முகம் நுட்பமாக மகிழ்கிறது. பாட்டு முழுக்க அவனுக்கு உள்ள வசனம் அந்த ஒரே சொல்தான். அவளுக்கு அதுவும் இல்லை.

அவள் மனம் மகிழ்ந்தது என்று சொல்லாமல் முகம் மகிழ்ந்தது என்றது ஏன்? மகள் குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய்வந்த செவிலி (வளர்த்த தாய்), நற்றாயிடம் (பெற்ற தாயிடம்) சொல்வது இது. செவிலிக்கு முகம்தான் தெரியும். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறீர்களே, ‘கூற்று’ (பாட்டை யார் யாரிடம் சொல்கிறார் என்ற குறிப்பு), கதை எழுதுபவருக்கு அதைவிடப் பயனுள்ள குறிப்பு கிடையாது. யார் சொல்கிறார், அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதெல்லாம் அதில் அடங்கிவிடுகிறது.

வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். பாடத்திட்டத்துக்காக நாற்பது பாட்டை ஒரே மூச்சில் படித்தால் எல்லாம் கலந்து உவமைகள் மட்டும் மேலே மிதக்கும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான். முதலில் சந்தி பிரித்த (சேர்ந்த சொற்களைத் தனித்தனியாக்கிய) மூலத்தை உரை பார்க்காமல் இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள். மறுநாள் உரைக்குப் போகலாம். உ.வே.சாமிநாதையரின் 1937 பதிப்பு கிடைத்தால் நல்லது. அதில் ‘முடிபு’ என்றொரு பகுதி உண்டு. எந்தச் சொல் எதைக் கொண்டு முடிகிறது என்று காட்டும். 167இல் பாட்டு முழுவதும் ஒரே வாக்கியம், கடைசி வரியில்தான் முற்றுவினை (வாக்கியத்தை முடிக்கும் வினைச்சொல்) வருகிறது என்பது அங்கே பளிச்சென்று தெரியும். கைடு மட்டும் படிப்பவர்களுக்கு இது தெரியாமலே போகிறது. பொழிப்புரை கதைச்சுருக்கத்தைத்தான் தரும்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். செவிலிக்குப் பதில் ஒரு சித்தி. ஆவடியில் புதுக்குடித்தனம் பார்த்துவிட்டு வந்து அக்காவிடம் போனில் சொல்கிறாள். நூற்றைம்பது சொல்லுக்குள் முடியுங்கள். சந்தோஷம், பாசம், நிறைவு போன்ற சொற்கள் கூடாது; உவமையும் வேண்டாம். பெரும்பாலும் இரண்டு இடத்தில் சறுக்கும். சித்தி திடீரென்று பெண்ணின் மனத்துக்குள் புகுந்து பேசுவாள்; அந்த வாக்கியத்தை வெட்டுங்கள். இல்லையென்றால் கடைசியில் ‘அவ நல்லாத்தான் இருக்கா அக்கா’ என்பாள். அதையும் வெட்டுங்கள். வெட்டியபின் காட்சி நிற்கவில்லை என்றால், குக்கர், சிங்க், துப்பட்டா என்று கண்ணில் படும் பொருள் போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்த வாரத்துக்குக் கபிலரின் 25ஆம் பாட்டு. அங்கே தலைவியே பேசுகிறாள். தலைவன் தன்னை மணந்த அன்று சாட்சிக்கு யாரும் இல்லை என்கிறாள். ஆனால் ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்திருந்த குருகின் (நீர்ப்பறவையின்) கால் தினைத்தாள் போல மெலிந்து பசுமையாக இருந்ததைச் சொல்கிறாள். அவள் அந்த நேரத்தில் அதை ஏன் கவனித்தாள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

அகநானூற்றுக்கு அவசரப்பட வேண்டாம். அங்கே பாட்டு 13 முதல் 31 அடி வரை நீளும். முடிபு தேடியே களைத்துவிடுவீர்கள். குறுந்தொகையில் நான்கிலிருந்து எட்டு அடிதான். இருபது பாட்டு இப்படிப் படித்தபின், ஒன்பது முதல் பன்னிரண்டு அடி வரை வரும் நற்றிணைக்குப் போகலாம்.