அண்ணாச்சி பதில்கள்: நாய்வண்டியும் ஆபீசும்

போன இதழில் அலாஸ்காவின் நாய்வண்டிப் பந்தயத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்து விழுந்த கடிதங்களில் பாதி ஆபீஸ் புலம்பல். மார்ச் மாதம் வந்தால், இடிட்டராட் என்ற அந்தப் பந்தயத்தில் ஓடும் வண்டிகளின் ஜிபிஎஸ் புள்ளிகள் நகர்வதை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. அதனால் இந்த வாரம் முழுக்க நாய்வண்டிதான்.

"பனியில் ஓடும் நாய்களின் படத்தைக் காட்டி, 'முன்னால் ஓடும் நாயைப் போல இருங்கள், மற்றவர்கள் தானாகப் பின்னால் வருவார்கள்' என்றார் எங்கள் கம்பெனிக்கு வந்த பயிற்சியாளர். சரிதானா?" (பம்ப் கம்பெனி சூப்பர்வைசர், கோவை)

படம் சரி, பாடம் பாதிதான். முன்னால் ஓடும் லீடர் முதலாளி இல்லை. முதலாளி பின்னால், வண்டியின் சறுக்குக் கட்டைமேல் நிற்கிறார். அவரை மஷர் என்பார்கள். அவர் கையில் கடிவாளமும் கிடையாது, மூக்கணாங்கயிறும் கிடையாது. 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது, குரல் ஒன்றுதான். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, புதுப்பனி மூடிய தடத்தைக் காலால் தேடிப் பிடித்து, கயிறு தொய்யாமல் கூட்டத்தை இழுத்துப் போவது லீடரின் வேலை. அது கூட்டத்திலேயே பலசாலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. குரலைக் கேட்க வேண்டும், கவனம் சிதறக் கூடாது. அந்த இடம் உடம்பைவிட மனசைச் சீக்கிரம் களைக்க வைக்கும் என்பதால் மஷர்கள் லீடரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். காலையில் முன்னால் ஓடியது மத்தியானம் நடுவில் ஓடும். அதைப் பதவி இறக்கம் என்று எந்த நாயும் முறுக்கிக்கொள்வதில்லை.

கடைசி ஜோடியைப் பற்றிப் பயிற்சியாளர் ஏதாவது சொன்னாரா? வண்டியை ஒட்டி ஓடும் அந்த இரண்டும் வீல் நாய்கள். வண்டி கிளம்பும்போது முதல் பாரம் அவற்றின் தோளில்தான் வந்து இறங்கும். வளைவில் முன்னால் போகிறவை சட்டென்று திரும்பிவிடும். வண்டி மரத்தில் போய் மோதாமல் வெளிப்பக்கம் இழுத்துக் காப்பாற்றுவது இந்த இரண்டும்தான். அத்தனை கனமும் முதுகுக்குப் பின்னாலேயே இரைந்துகொண்டு வந்தாலும் பதறக் கூடாது. நான் அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்தபோது, பார்க்க வருகிறவர்களை எல்லாம் புது மிஷினுக்கு முன்னால்தான் நிறுத்துவோம். பைண்டிங் பிரிவுக்கு யாரையும் அழைத்துப் போனதில்லை. புத்தகம் பக்கம் பக்கமாகப் பிரியாமல் இருந்தது அந்தப் பிரிவால்தான்.

"ஓநாய்க் கூட்டம் மாதிரி, ஒரு கூட்டத்தில் ஒருவர்தான் 'ஆல்ஃபா'வாக, அதாவது மற்றவர்களை அடக்கி ஆள்பவராக, இருக்க முடியும், அது இயற்கை என்கிறார் எங்கள் டீம் லீடர்." (ஐ.டி. ஊழியை, சோழிங்கநல்லூர்)

அவர் படித்தது பழைய பதிப்பு அம்மா. 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது இந்தப் பேச்சு. அதை ஊரெல்லாம் பரப்பியதில் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூலுக்கும் பங்குண்டு. அதே மெக் பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடை கோடையாகக் காட்டு ஓநாய்களோடு இருந்துவிட்டு, 1999இல் வேறு கதை சொன்னார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்தைப் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்; 2022இல்தான் நிறுத்தினார்கள். கூண்டில் அடைபட்டவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை இயற்கை என்று சொன்னால், ஆபீசைக் கூண்டு என்று அவரே ஒத்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

"வேலை முழுக்க என்னுடையது. மேடையில் மாலை, கடைசி நாள் பிரசன்டேஷன் செய்தவருக்கு. வயிறு எரிகிறது அண்ணாச்சி." (பெயர் வேண்டாம், திருச்சி)

எரியட்டும், நியாயம்தான். டோகோ என்ற நாயின் கதையைக் கேளுங்கள். 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் ஊரில் டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய். குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து நெனானா வரை ரயிலில் வந்தது. அங்கிருந்து நோமுக்கு 674 மைல். சுமார் 1,085 கிலோமீட்டர். இருபது மஷர்கள், நூற்றைம்பது நாய்கள் போல, கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களில் பலர் அலாஸ்காவின் பூர்வகுடி ஆட்கள். அவர்கள் பெயரைப் பத்திரிகைகள் அன்றைக்குச் சரியாகப் போடக்கூட இல்லை.

பெரும்பாலோர் ஓட்டியது முப்பது, நாற்பது மைல். லியன்ஹார்ட் செப்பலாவோ நோமிலிருந்து எதிர்கொண்டு போய் மருந்தை வாங்கி, அதோடு மட்டும் 91 மைல் திரும்பி ஓடினார். போக வர மொத்தம் 260 மைலுக்கு மேல். போகும்போதும் வரும்போதும் புயலில் நார்ட்டன் சவுண்ட் என்ற விரிகுடாவின் கடல் பனியைக் குறுக்கே கடந்தார். எந்த நேரமும் உடைந்து கடலுக்குள் போய்விடக்கூடிய பனி. முன்னால் ஓடியது டோகோ. வயது பன்னிரண்டு, நாய்க்கு அது கிழப்பருவம். கடைசிக் கட்டத்தை ஓட்டி 1925 பிப்ரவரி 2 விடியற்காலையில் நோமுக்குள் நுழைந்தவர் குன்னர் காசன். அவர் வண்டியின் லீடர் பால்ட்டோ. அந்த வருஷம் முடிவதற்குள் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்ட்டோவுக்கு வெண்கலச் சிலை. ஃபாக்ஸ் என்ற நாயும் அதோடு ஜோடியாக முன்னால் ஓடியது என்ற பேச்சு உண்டு. அதற்கு வெண்கலத்தில் கால் பங்குகூடக் கிடைக்கவில்லை. டோகோவுக்கு நியூயார்க்கில் சிலை வந்தது 2001இல்.

பால்ட்டோவைத் திட்டாதீர்கள், அது சிலை கேட்கவில்லை. சில வருஷத்தில் அதுவே லாஸ் ஏஞ்சல்ஸில் காட்சிப்பொருளாகக் கட்டிக் கிடந்தது. கிளீவ்லாந்து ஊர் மக்கள் காசு திரட்டி மீட்டார்கள். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: யார் எந்தக் கட்டத்தை முடித்தார்கள் என்று தேதி போட்டு, எல்லோருக்கும் நகல் போகிற மாதிரி மெயில் அனுப்பி வையுங்கள். செப்பலா தன் ஆதங்கத்தைச் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் டோகோவின் பெயர் நமக்குத் தெரிகிறது.

"டீமில் ஒருவர் உழைப்பதே இல்லை. தூக்கிவிடலாமா?" (மருந்து மொத்த விற்பனை, மதுரை)

ஒவ்வொரு நாய்க்கும் நடுக்கயிற்றோடு சேர்க்கும் தனிக்கயிறு ஒன்று உண்டு. அது தொய்ந்தால் அந்த நாய் இழுக்கவில்லை என்று பின்னால் நிற்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நல்ல மஷர் அப்போது கத்துவதில்லை. வண்டியை நிறுத்திப் பாதத்தைப் பார்ப்பார். விரலிடுக்கில் பனிக்கட்டி சேர்ந்திருக்கும். அல்லது துணிக் காலுறை கழன்றிருக்கும், பட்டை தோலை அறுத்திருக்கும். பக்கத்தில் ஓடும் ஜோடி பிடிக்காமலும் இருக்கலாம். இடம் மாற்றிப் போட்டதும் அதே நாய் பாய்ந்து இழுக்கும். தின்றதா என்றும் பார்ப்பார். ஓட்ட நாளில் ஒரு நாய்க்குச் சுமார் 10,000 கலோரி வேண்டும்.

இத்தனையும் பார்த்தும் முடியவில்லை என்றால், அந்த நாயை வண்டிக்குள் படுக்க வைத்து, மற்றவை அதன் எடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடுத்த சோதனைச் சாவடி வரை போகும். அங்கே மருத்துவரிடம் ஒப்படைத்தால் விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிலுக்கு வேறு நாய் சேர்க்க விதி இடம் தராது. நீங்கள் பாதத்தைப் பார்த்தீர்களா, அதை முதலில் எழுதுங்கள்.

"ஞாயிறும் வரச் சொல்கிறார்கள்." (ஓசூர்)

சுமார் 1,600 கிலோமீட்டர் இடிட்டராட்டில் ஒரு 24 மணி நேர ஓய்வும் இரண்டு 8 மணி நேர ஓய்வும் கட்டாயம். முந்திக்கொண்டிருப்பவருக்கும் விலக்கு இல்லை. இரண்டாவது 8 மணி நேரம் ஒயிட் மவுன்டன் சாவடியில். அங்கிருந்து, பந்தயம் முடியும் நோம் எட்டிவிடும் தூரம்தான். இந்தப் பத்தியைக் கத்தரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

"நாய்க்கு இருக்கும் விசுவாசம் ஊழியருக்கு இல்லை என்று மீட்டிங்கில் சொன்னார் எங்கள் எம்.டி." (சிவகாசி)

1911இல் நார்வேக்காரர் அமுண்ட்சன் நாய்வண்டியில் தென் துருவத்துக்குக் கிளம்பியபோது ஐந்து பேர், நான்கு வண்டிகள், 52 நாய்கள். பனிமலையில் அத்தனை சாமானையும் மேலே ஏற்றிக் கொடுத்த பிறகு 24 நாய்களைச் சுட்டு, மிச்ச நாய்களுக்குப் போட்டு, மனிதர்களும் தின்றார்கள். ஆத்திரத்தில் செய்ததல்ல, கிளம்பும் முன்பே போட்ட கணக்கு. டிசம்பர் 14 அன்று துருவத்தைத் தொட்டார்கள். முகாமுக்கு உயிரோடு திரும்பியவை 11 நாய்கள். விசுவாசத்தில் அந்த 52க்கும் குறை சொல்ல முடியாது.

உங்கள் எம்.டி. அடுத்த மீட்டிங்கில் இதே பேச்சை எடுத்தால், போன வருஷ போனஸ் எந்தத் தேதியில் வரும் என்று கேளுங்கள்.